மூன்றாவது பேரிங்

ஜூன் 2, ஞாயிறு

ஜெயித்துவிட்டோம்! இந்தப் பழைய ரிமோட் கார் கூட்டத்தில் சேர்ந்த நாளிலிருந்து கடைசி இடத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர்கள் நாங்கள். இன்று எங்கள் கார் சுற்றி வரும்போது ஆளாளுக்குத் தலையைத் தூக்கிக் காதைக் கொடுத்தார்கள். சத்தமே இல்லை. மற்ற கார்கள் எல்லாம் காப்பிக்கொட்டை அரைக்கிற மாதிரி கத்த, இது வழுக்கிக்கொண்டு போனது.

கார் என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கியது. பரணில் கிடந்ததைத் தூசி தட்டியவள் நான். பிரித்து வேலை செய்வது நான், ஓட்டுவது நாத்தனார். நாற்பது வயதாகியும் வீட்டில் எல்லாருக்கும் அவள் பாப்பாதான். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள், எங்கள் மாடி அறையில் தனியாக இருக்கிறாள். ரிமோட்டைக் கையில் கொடுத்தால் கண் இமைக்க மாட்டாள். ஓட்டுவதில் மட்டும் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் இன்று ஜெயித்தது கியர்பெட்டி. அதற்குள் ஓடும் நடுத்தண்டுக்கு ஒரு பக்கம்தான் பிடிமானம். மறுமுனை அந்தரத்தில் ஆடும், கியர் பல்லை மென்று தள்ளும். செய்து விற்றவன் பித்தளை புஷ் என்று வெறும் வளையத்தைச் சொருகிக் கைகழுவிவிட்டான். புஷ்ஷை எடுத்துவிட்டுப் பேரிங் வைப்பது எல்லாரும் செய்வதுதான். நான் அந்த ஆடும் முனைக்கும் ஒரு அலுமினியத் தகடு அறுத்து, அதில் மூன்றாவதாக ஒரு பேரிங்கைப் பதித்தேன். நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் லென்ஸுக்குத் துளை போடும் மெஷினில், சாப்பாட்டு நேரத்தில், முதலாளி இல்லாதபோது போட்ட துளை. யாருக்கும் தோன்றாதது எனக்குத் தோன்றியது. மோட்டாரைத் தொடக்கூடாது, பெட்டிக்குள் அவரவர் இஷ்டம் என்பது கூட்டத்தின் சட்டம். ஒருவர் பெட்டியைத் திறந்தால் பக்கத்து மேசைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். குழந்தைக்குப் பால் கொடுப்பவளைக் கண்ட மாதிரி. அவ்வளவு மரியாதை.

மூன்றாவது பேரிங் எனக்குத் தெரியும். பாப்பாவுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

ஜூன் 4, செவ்வாய்

பின் அறையில் காரை மூடியிருந்த துண்டு வேறு மாதிரி மடிந்திருக்கிறது. நான் மடித்தால் ஓரம் உள்பக்கம் போகும். அந்த அறைச் சாவி பாப்பாவிடமும் இருக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

மூடிக்கிடக்கும் மரச்சாமான் கிடங்கின் பின்னால்தான் எங்கள் மைதானம். கார் நிறுத்த வைத்திருந்த சிமெண்ட் தரை. அங்கே வெயிலோ மழையோ பெரிய கறுப்புக் குடையோடு வருபவர் ஒருவர் உண்டு. எல்லாருக்கும் அவர் குடைக்காரர். அவருடைய காரின் சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

இன்று அது கத்தவில்லை.

நாங்கள் இரண்டாவது, அவர் முதல். போன வாரம் வரை அரைத்துக்கொண்டிருந்த பெட்டி ஒரே வாரத்தில் எப்படி வாயை மூடும்? இதற்கு மேல் ஒன்று. பந்தயம் முடிந்ததும் பாப்பாவும் அவரும் அந்தக் குடைக்குள் நின்று குசுகுசுவென்று பேசினார்கள். நான் போனதும் பேச்சு நின்றது.

"என்ன பேச்சு?"

"சும்மாதான் அண்ணி."

சும்மா பேசுபவர்கள் ஏன் நிறுத்த வேண்டும்? யாருக்குக் காது குத்துகிறாள்?

ஜூன் 10, திங்கள்

கடையிலிருந்து நீலப் பசை கொண்டுவந்துவிட்டேன். மூக்குக்கண்ணாடியின் கால் கழலாமல் இருக்க, திருகைப் போட்டதும் அதன் தலையில் ஒரு சொட்டு விடுவோமே, அதுதான். பதினெட்டு வருடமாக என் கைக்குப் பழகிய குப்பி.

கியர்பெட்டியை மூடும் திருகுகள் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சொட்டு விட்டு, பெட்டியின் மேல் வரை சின்னதாக ஒரு கோடு இழுத்தேன். மோட்டார் தகட்டுக்கு அடியில் இருக்கும் ஒன்றை மட்டும் எட்ட முடியவில்லை, விட்டுவிட்டேன். இனி எவர் திருப்பினாலும் கோடு உடையும். விட்டேனா பார்.

ஜூன் 16, ஞாயிறு

உடைந்திருக்கிறது!

மூன்றாம் இடம். காருக்கு என்னவோ போல் இருக்கிறது, இழுவை இல்லை. வீட்டுக்கு வந்து விளக்கடியில் பார்த்தால் இரண்டு திருகுகளில் கோடு இரண்டாகப் பிளந்திருக்கிறது. திருகு கொஞ்சம் திரும்பியும் இருக்கிறது. நான் நினைத்தேன். நினைத்தேன், நினைத்தேன், நினைத்தேன்.

இறுக்கிவிட்டு மறுபடி பசை. இந்த முறை தாராளமாக.

ஜூன் 17, திங்கள்

இவரிடம் சொன்னேன். செய்தித்தாளிலிருந்து முகத்தை எடுக்காமலே, "பாப்பாவா? அவளுக்கு ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது" என்றார்.

"அப்ப திருகு தானா திரும்புச்சா?"

"உனக்குப் பால் பாக்கெட் மேலேயே சந்தேகம். மோந்து பாத்துட்டுத்தான் காசக் குடுக்கற."

கெட்டுப்போன பால் இரண்டு தடவை வந்ததே, அது மறந்துவிட்டது. தங்கச்சி என்றால் இவருக்கு உருகிவிடும். இனி இவரிடம் மூச்சு விடப் போவதில்லை.

ஜூன் 20, வியாழன்

பாப்பா டியூட்டி முடிந்து யூனிபார்மோடு நேராக என்னிடம் வந்தாள்.

"அண்ணி, பெட்டிக்குள்ள டிக்கு டிக்குனு ஒரு சத்தம் வருது. ஒரு தடவை திறந்து பாருங்களேன்."

ஆஹா! நான் திறக்க வேண்டுமாம், இவள் பக்கத்தில் நிற்க வேண்டுமாம். தகட்டின் அளவு, பேரிங் எத்தனை பெரியது, எல்லாவற்றையும் கண்ணாலேயே அளந்துகொண்டு போய் ஒப்பிக்கலாம். நான் அவளை ஏற இறங்கப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். பிறகு, "சரி, விடுங்க" என்று மாடிக்குப் போய்விட்டாள்.

குற்றமுள்ள நெஞ்சு இல்லாவிட்டால் ஏன் அப்படிப் போக வேண்டும்? உரிமையோடு இரண்டு வார்த்தை சண்டை போட்டிருக்க மாட்டாளா? ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம். என் பிரசவத்தின்போது என்னை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனவளே அவள்தான்.

பெட்டியைத் திறக்கவில்லை. திறக்கவும் மாட்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

நான்கு கோடுகள் உடைந்திருக்கின்றன. பூட்டையும் மாற்றிவிட்டேனே, எப்படி நுழைகிறாள்? ஜன்னல் வழியாகவா?

பசை. பசை. பசை. குப்பி பாதி காலி.

ஜூன் 26, புதன்

கையும் களவுமாக இல்லை, ஆனால் அதற்குப் பக்கத்தில்.

பஸ் சிக்னலில் நின்றது. குடைக்காரர் வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ். யாருக்கு என்னவோ என்று எட்டிப் பார்த்தால், பாப்பா உள்ளேயிருந்து வெளியே வருகிறாள். கையில் பழுப்புத் தாள் பொட்டலம். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள். அரசாங்க வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பொட்டலம் வாங்குகிறாள்!

இரவு சாப்பாட்டின்போது கேட்டேன், "இன்னைக்கு எங்க எங்க போன?"

"எங்க போவேன், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும்தான்."

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எப்படித்தான் வருகிறதோ.

ஜூன் 30, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

சீசனின் கடைசிப் பந்தயம். மைதானத்துக்குப் போனதும் பாப்பா சொன்னாள், "அண்ணி, இன்னைக்கு ஒரு நாள் நம்ம காரை நீங்க ஓட்டுங்க. நான் அவர் காரை ஓட்டறேன். அப்புறம் சொல்றேன், இப்ப கேக்காதீங்க."

அவர் கார்! குடைக்காரர் குடையோடு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், இவள் அவர் ரிமோட்டோடு ஓட்டுபவர்கள் நிற்கும் மேடையில் ஏறுகிறாள். அத்தனை பேரும் என்னைப் பார்க்கிறார்கள்.

நான் ஓட்டினேன். எனக்கு எங்கே ஓட்ட வரும்? முதல் வளைவில் சுவரை உரசினேன். தூரத்து வளைவில் ஒரு சத்தம் — பெட்டி வாயைப் பிளந்து, கியர்கள் சிமெண்டில் உருண்டன. திருகுகள் தெறித்தன. மூன்றாவது பேரிங் உருண்டு உருண்டு யாருடைய செருப்புக்கடியிலோ போய் நின்றது. ஊரே பார்க்க.

அங்கேயே பாப்பாவைப் பார்த்துக் கத்தினேன்.

"பார்த்துட்டியா? திருப்தியா? திருப்பித் திருப்பித் திருகக் கழட்டி, கடைசியில உடைச்சே போட்டுட்ட இல்ல? கூடவே இருந்துக்கிட்டு அடுத்தவனுக்கு வித்துட்ட! பொட்டலம் வாங்கினியே, நான் பாக்கலைன்னு நினைச்சியா?" — இன்னும் என்னவெல்லாமோ சொன்னேன். வாழாவெட்டி என்று ஒரு வார்த்தையும் வந்தது. அது எப்படி வந்தது? அது இந்தப் பேச்சிலேயே இல்லையே. கணவன் விட்டுப் போனதற்கும் கியர்பெட்டிக்கும் என்ன சம்பந்தம்?

பாப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. ரிமோட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். "வீட்டுல பேசிக்கலாம் அண்ணி" என்றாள். வீட்டில் பேசவில்லை.

சாயங்காலம் பின் அறைக் கதவுப் பிடியில் அந்தப் பழுப்புப் பொட்டலம் தொங்கியது. என்ன வைத்திருக்கிறாளோ, சமாதானத் தூதா? நான் தொடவில்லை.

ஜூலை 1, திங்கள்

உடைந்த துண்டுகளைக் கடைக்குக் கொண்டுபோனேன். லென்ஸில் கீறல் பார்க்கும் விளக்கடியில் வைத்தேன்.

ஒவ்வொரு திருகுத் துளையிலிருந்தும் முடி மாதிரி விரிசல்கள், நாலாப்பக்கமும். துளைக்குள் எல்லாம் நீலம். பசை எங்கே இறங்கியதோ அங்கே பிளாஸ்டிக் பொரிந்துபோயிருக்கிறது. விரலால் அழுத்தினால் பொடிகிறது. மோட்டார் தகட்டுக்கு அடியில் என் கைக்கு எட்டாத அந்த ஒரு துளை — சுத்தம். புதுசு போல். திருகு இன்னும் அதில் இறுக்கமாக நிற்கிறது.

யாரும் திறக்கவில்லை. பிளாஸ்டிக் வெடித்ததும் திருகுக்குப் பிடிமானம் போனது, ஓடுகிற அதிர்வில் தானாகத் திரும்பியது. கோடு உடைந்தது. நான் மறுபடி சொட்டு விட்டேன். அதனால் இன்னும் வெடித்தது.

பிளாஸ்டிக் ஃபிரேமில் அந்தப் பசை படக்கூடாது என்று கடையில் மற்றவர்களிடம் தினமும் கத்துகிறவள் நான். எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்! திருகு இரும்பு என்று பார்த்தேன். அது எதற்குள் இறங்குகிறது என்று பார்க்கவில்லை. அடிப்பாவி. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இரவு, பிறகு:

சரி, திருகு என் தப்பு. ஆனால் அவர் காரை ஏன் ஓட்டினாள்? அந்தப் பெட்டி எப்படி அமைதியானது? அது அப்படியேதான் நிற்கிறது. முழுக்க விட்டுவிட நான் ஏமாளி இல்லை.

ஜூலை 3, புதன்

பொட்டலம் இன்னும் தொங்குகிறது. இவர் அதைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். மூன்று நாளாக, உப்பு வேண்டும் என்றால்கூட என்னிடம் கேட்காமல் எழுந்து போய் எடுத்துக்கொள்கிறார்.

ஜூலை 5, வெள்ளி

குடைக்காரர் கடைக்கு வந்தார். கையில் கண் டாக்டர் சீட்டு. கவுண்டரில் நான் மட்டும்.

"உங்க கடைன்னு தெரிஞ்சுதாம்மா வந்தேன்" என்றார். குடையை மடித்துக் காலோரம் சாய்த்தார். "மூணு வாரமா தூரத்து வளைவு தெரியல. காரு அங்க போனா குத்துமதிப்பாத்தான் திருப்புவேன். கடைசிப் பந்தயத்தையாவது ஒழுங்கா முடிக்கணும்னு ஆசை. அதான் உங்க நாத்தனார்கிட்ட கேட்டேன்."

நான் சீட்டைப் படிப்பது போல் நின்றேன்.

"சும்மா ஓட்டச் சொல்லல. உங்க பெட்டியில அடியில விரிசல் விட்டிருக்கு, இந்த மாடலுக்குப் பெட்டியோட பழைய வெளி ஓடு எங்கயாவது கிடைக்குமான்னு ஊரெல்லாம் விசாரிச்சுக்கிட்டு இருந்தாங்க. என்கிட்ட ஒண்ணு இருந்துச்சு, பிரிக்காதது. விலைக்குத் தர மாட்டேன், ஒரு பந்தயம் ஓட்டிக் குடுங்கன்னேன். யோசிச்சாங்க. அப்புறம், அண்ணிக்கு வேணும்னு சொல்லி ஒத்துக்கிட்டாங்க."

"உங்க பெட்டி சத்தம் போடறதில்லையே இப்பல்லாம்" — இதைக் கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை. இருந்திருக்கலாம்.

சிரித்தார். "கிரீஸும்மா. தையல் மெஷின்காரர் ஒருத்தர் குடுத்தாரு, மஞ்சளா, கெட்டியா. ஒரு கரண்டி வழிச்சுப் போட்டேன். நான்கூட ஒரு நாள் குடைக்குள்ள நிறுத்தி, உங்க பெட்டிக்குள்ள என்னதான் பண்ணியிருக்காங்கன்னு அவங்கள கேட்டுப் பாத்தேன். அது எங்க அண்ணி சமாச்சாரம், செத்தாலும் வாயத் திறக்க மாட்டேன்னுட்டாங்க. அன்னைக்கு என் செருப்புக்கிட்ட ஒரு பேரிங் வந்து நின்னுச்சே, அது எதுக்குன்னு எனக்கு இன்னும் புரியல."

பேரிங்கைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கவுண்டரில் வைத்தார். துடைத்து வைத்திருந்தார்.

அவருக்கு லென்ஸ் அறுக்கும்போது எனக்கு இரண்டு தடவை அளவு தப்பியது.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தேன். கறுப்பு ஓடு. ஒரு திருகும் இறங்காத துளைகள்.

ஜூலை 7, ஞாயிறு

மாடிக்குப் போனேன். பாப்பா யூனிபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நிமிரவும் இல்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாப்பா."

"சொன்னேனே. சத்தம் கேக்குதுன்னு சொன்னேன். நீங்க என்னைப் பாத்த பார்வை இருக்கே... அதுக்கப்புறம்தான் விரிசலைப் பாத்தேன். சொல்லியிருந்தா நான்தான் எங்கயோ மோதி உடைச்சேன்னு சொல்லுவீங்க. புது ஓட்டைக் கையில குடுத்துட்டுச் சொல்லலாம்னு நினைச்சேன்."

சொல்லியிருப்பேன். மோதி உடைத்தாய் என்றுதான் சொல்லியிருப்பேன்.

"என்னை மன்னிச்சுடு" என்றேன். "அந்த வார்த்தை... அது என் வாயில எப்படி வந்துச்சுன்னே தெரியல."

"உள்ள இருந்துதான் வந்திருக்கும்." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நீங்க இத்தனை வருஷமா எனக்குச் சோறு போட்டப்பல்லாம் அத மனசுல வச்சுக்கிட்டுத்தான் போட்டீங்களான்னு இப்ப எனக்கு ஓடுது. நீங்க குழம்பு ஊத்தும்போது உங்க முகத்தப் பாக்கறேன். உங்க வியாதி எனக்கு ஒட்டிக்கிச்சு அண்ணி."

இல்லை என்று சொன்னேன். சத்தியமாக இல்லை. நம்பு என்று எந்த முகத்தோடு சொல்வது?

கீழே வந்து அழுதேன். இவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஜூலை 14, ஞாயிறு

சீசன் முடிந்தாலும் சும்மா ஓட்ட எல்லாரும் வருவார்கள். பாப்பாவுக்கு டியூட்டி. நான் மட்டும் போனேன், உடைந்த பழைய ஓட்டோடும், மூன்றாவது பேரிங் வைத்த தகட்டோடும்.

நடு மேசையில் எல்லாவற்றையும் பரப்பினேன். வழக்கம்போல் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"இந்தப் பக்கம் திரும்புங்க" என்றேன். "எல்லாரும். அன்னைக்கு நான் கத்தினதைக் கேட்டீங்க இல்ல, இதையும் பாத்துட்டுப் போங்க."

தயங்கித் தயங்கித் திரும்பினார்கள். நீலத் துளைகளைக் காட்டினேன். பாப்பா ஒரு திருகைக்கூடத் தொடவில்லை, உடைத்தது நான், என் பசை என்றேன். அவளைப் பற்றிச் சொன்னது அத்தனையும் பொய் என்றேன். பிறகு மூன்றாவது பேரிங்கையும் காட்டினேன். தகட்டின் அளவைச் சொன்னேன். ஒருவர் மரியாதைக்காக மறுபடி முகத்தைத் திருப்பப் பார்த்தார். "எழுதிக்கங்க சார்" என்றேன்.

குடைக்காரர் புதுக் கண்ணாடியோடு தூரத்து வளைவில் திருப்பிக் காட்டினார். மூன்று பேர் கை தட்டினார்கள்.

ஜூலை 16, செவ்வாய்

புது ஓட்டில் எல்லாவற்றையும் ஏற்றி மூடினேன். கடைசித் திருகை இறக்கியதும் கை தானாக நீலக் குப்பிக்குப் போனது. குப்பியைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோய்விட்டேன்.

காரை மாடிப்படியின் மேல் படியில், அவள் கதவுக்கு எதிரே வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவர். பின் அறையின் புதுச் சாவியும்.

ஜூலை 19, வெள்ளி

மூன்றும் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. காரைத் தாண்டித் தாண்டி டியூட்டிக்குப் போய் வருகிறாள்.

ஜூலை 24, புதன்

சாப்பிட வந்தாள். குழம்பை அவளே ஊற்றிக்கொண்டாள்.

ஜூலை 28, ஞாயிறு

காலையில் படியில் கார் இல்லை. சாவியும் ஸ்க்ரூ டிரைவரும் இல்லை.

மத்தியானம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து பாப்பாவின் செருப்புச் சத்தம் மட்டும் வந்தது. முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தாள். கார் ஓடும் சத்தம் கேட்கவில்லை. சுத்தமாகக் கேட்கவில்லை. எட்டிப் பார்க்காமல் கீழே இறங்கிவிட்டேன்.

சாயங்காலம் கார் பின் அறையில், துண்டு போர்த்தி இருந்தது. துண்டின் ஓரம் வெளிப்பக்கம். தூக்கிப் பார்த்தேன். திருகுகளின் தலையில் புதுக் கீறல்கள், ஸ்க்ரூ டிரைவரைச் சரியாகப் பிடிக்கத் தெரியாதவர் போட்ட கீறல்கள். ஒரு திருகு கோணலாக இறங்கியிருக்கிறது. மூடியின் இடுக்கில் கிரீஸ் பிதுங்கி நிற்கிறது. நான் போட்டது வெள்ளை. இது மஞ்சள், கெட்டி, குடைக்காரர் சொன்னது போல.

பெட்டியைத் திறந்திருக்கிறாள்.

எதற்கு என்று கேட்கவில்லை. துண்டை அவள் மடித்திருந்த மாதிரியே மடித்துப் போர்த்திவிட்டு வந்தேன்.